ஒரே ஆள், இரண்டு நாற்காலிகள்: சேனல் தீவுகளில் ஒன்பது நாள்

முதல் நாள், புதன், லண்டன்

நாளைக் காலைதான், பிரெஞ்சுக் கரையை ஒட்டிய சேனல் தீவுகளில் ஒன்றான ஜெர்சிக்கு விமானம். இன்று கையில் இருந்த ஒரு பகற்பொழுதை நாடாளுமன்றச் சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் மிடில்செக்ஸ் கில்டுஹால் கட்டடத்தில் கழித்தேன். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2009 முதல் இங்கேதான் இயங்குகிறது. அதே கூரையின் கீழ், மன்னரின் ஆலோசனை அவையான பிரிவி கவுன்சிலின் நீதிக் குழுவும் அமர்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் அந்தப் பெயரைக் கேட்டிராத பெரியவர்கள் ஒரு காலத்தில் இல்லை. "பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்ப் பார்த்துவிடுகிறேன்" என்று என் தாத்தா வரப்புத் தகராறுக்குக்கூடச் சவால் விடுவாராம். கணவனை இழந்த பெண், கணவன் வழிச் சபிண்டர்களின், அதாவது நெருங்கிய உறவினர்களின், சம்மதத்தோடு தத்தெடுக்கலாம் என்று ராமநாதபுரம் சேதுபதி குடும்பத்து வழக்கில் 1868-இல் தீர்ப்புச் சொன்னது இந்தக் குழுதான்; நான் சட்டக் கல்லூரியில் மனப்பாடம் செய்த முதல் தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. இந்தியாவுக்கு அந்தக் கதவு 1949-இல் மூடப்பட்டது. ஜெர்சி, கேர்ன்சி, சார்க் தீவுகளுக்கு அது இன்றும் திறந்தே இருக்கிறது. அவற்றின் கடைசி மேல்முறையீட்டு மன்றம் இதுதான்.

முப்பது ஆண்டு வக்கீல் தொழில் பார்த்தவனுக்கு விடுமுறைக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று வீட்டில் கேட்டார்கள். கடற்கரையும் உண்டு என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் நான் பார்க்கப் போவது ஒரு நாற்காலியை. நீதிபதியாக அமர்கிறவரே சட்டமன்றத்துக்கும் தலைமை தாங்குகிற ஒரு பதவி இந்தத் தீவுகளில் நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. அதைப் பிரிக்கச் சொல்லி வந்த நெருக்கடிகளுக்கு ஒவ்வொரு தீவும் எப்படி ஈடுகொடுத்தது என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

இரண்டாம் நாள், வியாழன், செயின்ட் ஹெலியர், ஜெர்சி

பிரிட்டிஷ் விசாவே இங்கும் செல்லுபடியாகும். ஆனால் இது பிரிட்டன் அல்ல. வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்கு ஜெர்சி ஓர் உறுப்பினரையும் அனுப்புவதில்லை. வரி, சட்டம், நீதிமன்றம் எல்லாம் தீவினுடையவை. பாதுகாப்பும் வெளியுறவும் மட்டும் பிரிட்டன் அரசின் பொறுப்பு. பக்கத்து விடுதிக் கடையில் ஒரு தேநீருக்குக் கொடுத்த நோட்டுக்கு மீதியாக ஜெர்சியின் ஒரு பவுண்டு காகித நோட்டு கிடைத்தது. இங்கிலாந்தில் ஒரு பவுண்டு நோட்டு ஒழிந்து எவ்வளவோ காலமாகிறது. இங்கே அது சட்டைப்பைக்குச் சட்டைப்பை நடமாடிக்கொண்டிருக்கிறது. லண்டன் திரும்புவதற்குள் செலவழித்துவிடுங்கள், அங்கே கடைக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள் என்று கடைப் பெண்மணி எச்சரித்தார்.

இந்த விநோத நிலைக்குக் காரணம் 1204. அந்த ஆண்டு இங்கிலாந்தின் மன்னர் ஜான், வட பிரான்சிலுள்ள நார்மண்டியின் பெருநிலத்தைப் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்பிடம் இழந்தார். கரைக்கு அப்பால் கிடந்த தீவுகள் மட்டும் ஜான் பக்கம் நின்றன. அவை நார்மண்டிப் பிரபுவின் நிலமாகவே மன்னரிடம் தங்கியதால், இங்கிலாந்தோடு இணைக்கப்படவே இல்லை. 1259-இல் மூன்றாம் ஹென்றி அந்தப் பிரபுப் பட்டத்தின் மீதான உரிமையைக் கைவிட்டுவிட்டார். தீவுக்காரர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. விருந்துகளில் மன்னருக்கு வாழ்த்துச் சொல்லும்போது இன்றும் 'எங்கள் பிரபு' என்றே பிரெஞ்சில் சொல்கிறார்கள். உரிமையாளர் விட்டுக்கொடுத்த பட்டத்தைக் குடிகள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வேறு இடம் எனக்குத் தெரியாது. அந்தப் பிடியில் உணர்ச்சியைவிடக் கணக்கே அதிகம். பிரபு வழியாக மட்டுமே நாங்கள் லண்டனுக்குக் கட்டுப்பட்டவர்கள், நாடாளுமன்றம் வழியாக அல்ல என்று சொல்லிக்கொள்ள அது வாகாக இருக்கிறது.

மூன்றாம் நாள், வெள்ளி, ராயல் சதுக்கம்

ராயல் சதுக்கத்தில் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் பொன்முலாம் பூசிய சிலை 1751-இலிருந்து நிற்கிறது. அதற்கு எதிரே ஒரே கட்டடத் தொகுதியில் ஒரு பக்கம் ராயல் கோர்ட் என்னும் உயர் நீதிமன்றம், அடுத்த பக்கம் 'ஸ்டேட்ஸ்' என்று அழைக்கப்படும் சட்டமன்றம். இரண்டுக்கும் தலைவர் பெய்லிஃப். சட்டமன்ற அவையில் அவருடைய நாற்காலியும் மன்னரின் பிரதிநிதியான லெஃப்டினன்ட் கவர்னரின் நாற்காலியும் அருகருகே இருக்கின்றன. பெய்லிஃபின் நாற்காலி சில அங்குலம் உயரம். படைகளின் பொறுப்பு கவர்னருக்கு, நீதியும் குடிமைக் காரியங்களும் பெய்லிஃபுக்கு என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரிவி கவுன்சில் தீர்த்து வைத்த சண்டை, மரச்சாமான் வடிவில் இன்றும் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமையைக் குறிவைத்து வந்ததற்குக் காரணம் உண்டு. ஜெர்சியில் வீடோ நிலமோ கைமாறுவது வெள்ளிக்கிழமை பிற்பகலில், நீதிமன்றத்தில், நீதிபதிக்கு எதிரே. பார்வையாளர் இருக்கையில் இடம் கிடைத்தது. தலைமை அமர்ந்தவருக்குப் பக்கத்தில் ஜூராட்டுகள் என்னும் நீதிமன்ற உறுப்பினர்கள் இருவர், சிவப்பு அங்கியில். ஒப்பந்தக்காரர்களின் பெயர் அழைக்கப்பட்டதும் அவர்களோ அவர்களுக்காக வந்த வக்கீல்களோ எழுந்து வலது கையை உயர்த்துகிறார்கள். இந்த ஒப்பந்தத்துக்கு எதிராக நானும் நடக்க மாட்டேன், பிறரையும் நடக்க விட மாட்டேன் என்று சத்தியம் செய்கிறார்கள். மீறினால் பொய்ச் சத்தியக் குற்றம். கைக்குழந்தையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு வலது கையை உயர்த்திய இளம் தாய் ஒருத்தியைப் பார்த்தேன். குழந்தை அவள் காதணியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது, அவள் கை இறங்கவில்லை. சில நொடியில் வீடு அவளுடையதாகிவிட்டது. விற்றவர் மனம் மாறினால்கூட இந்தக் கணம் வரை பின்வாங்கலாம் என்று வெளியே ஒரு வக்கீல் விளக்கினார். இந்த ஒப்பந்தங்கள் 2006 வரை பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டன. கேர்ன்சியில் வக்கீலாக விரும்புகிறவர்கள் இன்றும் நார்மண்டியின் கான் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பழைய நார்மன் வழக்காற்றுச் சட்டம் படித்துவிட்டு வருகிறார்கள்.

ஜூராட்டுகள் சட்டம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஜெர்சியில் பன்னிரண்டு பேர். ஓய்வு வயது 72. நடந்தது என்ன என்ற உண்மையை அவர்கள் தீர்மானிப்பார்கள், சட்டம் என்ன என்பதைப் பெய்லிஃப் சொல்வார். இதே ஜூராட்டுகள் 1948 வரை சட்டமன்றத்திலும் உறுப்பினர்கள். அதாவது காலையில் தாங்கள் இயற்றிய சட்டத்தை மாலையில் தாங்களே பொருத்திப் பார்த்தார்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்பு 1945-இல் முடிந்த பிறகு வந்த சீர்திருத்தம் அவர்களைச் சட்டமன்றத்திலிருந்து வெளியேற்றியது.

அதற்கு முந்தைய அடுக்கு இன்னும் சுவையானது. 1769 செப்டம்பர் 28 அன்று, கோதுமை விலையாலும் ஏற்றுமதியாலும் வெகுண்ட கூட்டம் ஒன்று இதே சதுக்கத்தில் நீதிமன்றத்துக்குள் புகுந்தது. அன்று நீதிமன்றத்தின் துணைத் தலைவர் சார்ல்ஸ் லெம்ப்ரியேர். அரசுத் தலைமை வழக்கறிஞர் அவருடைய சகோதரர் பிலிப். சட்டங்களைப் பிறப்பிப்பதும் அந்த நீதிமன்றமே. வழக்குப் போடுகிறவர், தீர்ப்பவர், சட்டம் செய்கிறவர் மூவரும் ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சந்திக்கலாம். கலகத்தின் விளைவாக 1771-இல் வந்த சட்டத்தொகுப்பு, நீதிமன்றம் சட்டம் இயற்றும் அதிகாரத்தைப் பறித்துச் சட்டமன்றத்திடம் மட்டும் ஒப்படைத்தது. ஆக, பிரிவினை இங்கே தொடங்கியே இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகிறது. பெய்லிஃபின் நாற்காலியை மட்டும் யாரும் அசைக்கவில்லை.

அசைத்துப் பார்க்காமலும் இல்லை. சர் செசில் கிளாதியர் தலைமையிலான குழு 2000-இல், சட்டமன்றம் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கட்டும் என்று பரிந்துரைத்தது. கார்ஸ்வெல் பிரபுவின் குழு 2010-இல் அதையே வேறு காரணங்களோடு சொன்னது. கிளாதியர் சொன்ன மற்றொன்று, அமைச்சர்கள் கொண்ட அரசு, 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. குழுக்கள் வழியாகவே ஆண்டு பழகிய தீவுக்கு அது பெரிய மாற்றம். 2022 ஜூன் தேர்தலோடு, தீவு முழுவதற்கும் பொதுவாகத் தேர்வான செனட்டர் பதவியையே ஒழித்துவிட்டு, ஒன்பது தொகுதிகளிலிருந்து 'டெபுட்டி' எனப்படும் 37 உறுப்பினர்களும், பன்னிரண்டு பாரிஷ் என்னும் ஊராட்சிகளின் தலைவர்களும் சேர்ந்து 49 பேர் என்று அவையை மாற்றி அமைத்தார்கள். இத்தனையையும் துணிந்து மாற்றியவர்கள் பெய்லிஃபின் தலைமையை மட்டும் தொடவில்லை. மாலையில் பேசிய ஓர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் சொன்ன வாதம் எளிமையானது: "அவர் எங்களில் எந்தக் கட்சியுமில்லை ஐயா. 1,03,267 பேர் கொண்ட தீவில் அப்படி ஒருவரை வேறு எங்கே தேடுவது?" எண்ணிக்கை 2021 குடிமதிப்பினுடையது, மனிதர் விரல்நுனியில் வைத்திருந்தார். வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கட்சி சாராதவராக இருப்பதும், தான் முன்னின்று நிறைவேற்றிய சட்டத்தைத் தானே தீர்ப்பதும் வேறுவேறு கேள்விகள்.

நான்காம் நாள், சனி, ஊராட்சி ஒன்றில்

வேலிகளைப் பார்த்த நாள். ஜெர்சியில் சாலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் வேலிக்கிளைகளைச் சாலைக்கு மேல் 12 அடி உயரத்துக்கும் நடைபாதைக்கு மேல் 8 அடி உயரத்துக்கும் வெட்டி வைக்க வேண்டும். கோடையிலும் செப்டம்பரிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை ஊராட்சி அதிகாரிகள் அளவுகோலோடு நடந்து பார்க்கிறார்கள். இதற்கு 'பிராஞ்சாஜ்' என்று பெயர். கிளை நீட்டியிருந்தால் அபராதம். ராயல் கோர்ட்டே ஆண்டுக்கு இரண்டு ஊராட்சிகளுக்கு நேரில் வந்து, அதிகாரிகள் ஒழுங்காகப் பார்த்தார்களா என்று பார்க்கிறது. ஒரு பண்ணைக்காரர் தன் வேலியை வெட்டிக்கொண்டே, "நீதிபதி வந்து என் கிளையைப் பார்க்கிறார், நான் போய் அவர் தீர்ப்பைப் பார்க்கிறேன், கணக்கு சரியாகிவிட்டது" என்றார்.

ஊராட்சித் தலைவருக்கு இங்கே கான்ஸ்டபிள் என்று பெயர். காவலர் என்று எண்ணிவிடக் கூடாது. அவருக்குக் கீழே சென்டெனியர் என்ற சம்பளமில்லாத தேர்வான அதிகாரிகள். தீவில் முழுநேரக் காவல் துறை இருந்தாலும், ஒருவர் மீது குற்றச்சாட்டுப் பதிவு செய்யும் அதிகாரம் சென்டெனியருக்கே. அந்தக் கான்ஸ்டபிள்கள் பன்னிரண்டு பேரும் பதவி வழியாகவே சட்டமன்ற உறுப்பினர்கள். மீண்டும் ஒரே ஆள், இரண்டு நாற்காலி.

ஐந்தாம் நாள், ஞாயிறு

மூடுபனி. கேர்ன்சிக்குப் போக வேண்டிய சிறு விமானம் கிளம்பவே இல்லை. மாற்று ஏற்பாடு பற்றிக் கேட்டால் முகப்பில் இருந்தவர் தோளைக் குலுக்கினார். ஐந்து மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில். கையில் எடுத்து வந்த கோப்புகளைப் படித்ததுதான் மிச்சம்.

படித்தது பிரிட்டனின் 2020 மீன்வளச் சட்டம் பற்றி. தீவுகள் விரும்பாவிட்டாலும் மன்னரின் ஆணை வழியாக அந்தச் சட்டத்தை அவற்றுக்கும் நீட்டிக்க வகைசெய்யும் ஒரு பிரிவை வெஸ்ட்மின்ஸ்டர் அதில் சேர்த்தது. ஜெர்சியும் கேர்ன்சியும் எதிர்த்தன, பிரிவு நின்றது. அதற்கு ஓர் ஆண்டு முன்பு, 2019-இல், நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர்களைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்று தீவுகளைக் கட்டாயப்படுத்தும் திருத்தம் வரவிருந்தபோது பிரிட்டன் அரசு மசோதாவையே பின்வாங்கிக்கொண்டது. அப்படி ஓர் ஆணை வந்தால் முதலில் எங்கள் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஜெர்சி தன் 2005 சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. 1204-ஐ இன்றும் ஏன் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பது இந்தக் கோப்புகளைப் படித்தால் விளங்கிவிடும். இங்கே வரலாறுதான் வக்காலத்து.

ஆறாம் நாள், திங்கள், செயின்ட் பீட்டர் போர்ட், கேர்ன்சி

மேட்டில் படிக்கட்டுகளாக ஏறும் துறைமுக ஊர். மேலே ராயல் கோர்ட் மாளிகை. ஜெர்சியில் இரண்டு அவைகளும் பக்கத்துப் பக்கத்து வீடு. இங்கே சட்டமன்றம் கூடுவதே நீதிமன்ற மாளிகைக்குள்தான். இந்தப் பயணத்துக்கு விதை போட்ட வழக்கு இங்கே பிறந்தது.

கேர்ன்சியில் கண்ணாடிப் பண்ணை வீடுகளுக்கு 'வைனரி' என்று பெயர். முதலில் திராட்சைக்காகக் கட்டப்பட்டு, பிறகு தக்காளிக்கும் பூவுக்கும் மாறியவை. ரிச்சர்ட் மக்கானல் என்பவர் செயின்ட் மார்ட்டின் ஊராட்சியில் அப்படி ஒரு பண்ணையை வாங்கிப் பூ வளர்த்தார். பூக்களைப் பெட்டியில் கட்டும் கொட்டகையை வீடாக மாற்றிக் குடியேறினார். 1990-இல் சட்டமன்றம் ஏற்ற நிலப்பயன்பாட்டுத் திட்டம் அங்கே குடியிருப்புக்கு இடம் தரவில்லை. அனுமதி மறுக்கப்பட்டது. அவர் செய்த மேல்முறையீட்டை 1995-இல் ராயல் கோர்ட் விசாரித்தது. தலைமை வகித்தவர் பெய்லிஃப் சர் கிரஹாம் டோரி. 1990-இல் துணைப் பெய்லிஃபாக இருந்து, அந்தத் திட்டத்தை ஏற்ற சட்டமன்றக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரும் அவரே. மேல்முறையீடு தள்ளுபடி.

மக்கானல் ஸ்டிராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார். 2000 பிப்ரவரி 8 அன்று தீர்ப்பு: நியாயமான, பாரபட்சமற்ற விசாரணைக்கான உரிமை மீறப்பட்டிருக்கிறது. தீர்ப்பின் கைத்திறனைக் கவனிக்க வேண்டும். எந்த அரசமைப்புத் தத்துவத்தையும் நாடுகள் பின்பற்றியாக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை என்று அந்த நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தப் பெய்லிஃப் மனதளவில் பாரபட்சமானவர் என்றும் சொல்லவில்லை. ஒரு விதி நிறைவேறும்போது தலைமையில் இருந்தவரே பிறகு அதை வைத்துத் தீர்ப்புச் சொன்னால், எவ்வளவு மேலோட்டமான தலைமையாக இருந்தாலும், வழக்காளிக்கு ஐயம் எழுவது நியாயம் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

அந்த நிறுத்தத்தில்தான் கேர்ன்சி மூச்சு விட்டது. தத்துவத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை என்றால் பதவியைப் பிரிக்க வேண்டியதில்லை. சட்டமன்றத்தில் தான் தலைமை வகித்த விவகாரம் வழக்காக வந்தால் பெய்லிஃப் ஒதுங்கிக்கொள்வார், வேறொருவர் அமர்வார் என்று நடைமுறையைத் திருத்திக்கொண்டார்கள். பெய்லிஃப் இன்றும் சட்டமன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார். வக்கீலாக எனக்கு இந்தத் தந்திரத்தின் மீது ஒரு ரசனை உண்டு. குடிமகனாக யோசித்தால், ஒதுங்க வேண்டிய வழக்கு எது என்று முதலில் தீர்மானிப்பதும் அவர்களுக்குள்ளேயே நடக்கிறதே என்று உறுத்துகிறது.

ஏழாம் நாள், செவ்வாய், கேர்ன்சி

கடற்கரைச் சாலையில் நடந்தேன். 2018 ஆகஸ்டில் இங்கே சாலையைக் குறுக்கும் பணியை நிறுத்த ஒரு பெண்மணி மண்டியிட்டார். போராட்டம் என்று எண்ண வேண்டாம், அது சட்ட நடவடிக்கை. 'கிளாமர் த ஹாரோ' என்ற நார்மன் வழக்காறு இது: தன் நிலத்துக்கோ உடைமைக்கோ கேடு நடக்கும்போது, அந்த இடத்திலேயே சாட்சிகள் முன்னிலையில் தொப்பியைக் கழற்றி மண்டியிட்டு, "ஹாரோ! ஹாரோ! ஹாரோ! என் இளவரசே, உதவிக்கு வாருங்கள், எனக்கு அநீதி இழைக்கிறார்கள்" என்று பிரெஞ்சில் கூவ வேண்டும். கேர்ன்சியில் தொடர்ந்து பரமண்டல ஜெபமும் பிரெஞ்சிலேயே சொல்ல வேண்டும். கூவியதும் எதிராளி வேலையை நிறுத்தியாக வேண்டும். கூவியவர் 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றப் பதிவகத்தில் எழுத்தில் பதிய வேண்டும். மனு, முத்திரைக் கட்டணம், விசாரணைத் தேதி எதுவும் இல்லாத இடைக்காலத் தடை. சும்மா கூவினால் கூவியவருக்கே தண்டனை. அந்தச் சாலை விவகாரத்தில் அவருக்கு வெற்றி கிடைக்கவில்லை. இருந்தாலும், இருபத்தொன்றாம் நூற்றாண்டின் அரசு ஒன்று, மண்டியிட்ட ஒரு குடிமகளுக்குப் பதில் சொல்லத் தன் வக்கீல்களைப் புத்தகம் புரட்ட வைத்ததே!

பிற்பகலில் ஒரு வீட்டில் தேநீர். அந்த வீட்டுக்காரர் பத்திரப்படுத்தி வைத்திருந்த தடித்த புத்தகம் ஒன்றைக் காட்டினார். கேர்ன்சி தன் முதல் பொதுவாக்கெடுப்பை 2018 அக்டோபர் 10 அன்று நடத்தியது. தேர்தல் முறைக்கு ஐந்து யோசனைகள், மக்கள் அவற்றை வரிசைப்படுத்த வேண்டும். தொகுதிகளை ஒழித்து, தீவு முழுவதும் ஒரே தொகுதி என்ற யோசனை வென்றது. அதன்படி 2020 அக்டோபர் 7 அன்று நடந்த தேர்தலில் 38 இடங்களுக்கு 119 வேட்பாளர்கள்; ஒவ்வொரு வாக்காளரும் 38 பேர் வரை தேர்ந்தெடுக்கலாம். புத்தகம், அவர்கள் அனைவரின் வாக்குறுதிகளையும் தொகுத்தது. ஓரங்களில் பென்சிலால் சரி, தவறு, கேள்விக்குறி. வீட்டுக்காரருடைய மனைவி, "முதல் முப்பது பேரை யோசித்துப் போட்டேன், மீதி எட்டை முகத்தைப் பார்த்துப் போட்டேன்" என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மக்கள் தாங்களே கேட்டு வாங்கிய முறை இது என்பதால் யாரையும் குறை சொல்ல வழியில்லை.

எட்டாம் நாள், புதன், சார்க்

படகில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மாசலின் துறையில் இறங்கி, பாறையைக் குடைந்த சுரங்க வழியைக் கடந்தால், மேட்டுக்கு ஏற்றிச் செல்ல டிராக்டர் இழுக்கும் வண்டி நிற்கிறது. சார்க்கில் கார்கள் கிடையாது. டிராக்டர், குதிரை வண்டி, மிதிவண்டி, கால். தெருவிளக்கும் இல்லை.

1565-இல் முதலாம் எலிசபெத் அரசி, ஆளில்லாமல் கிடந்த இந்தத் தீவை ஜெர்சியைச் சேர்ந்த ஹெலியர் த கார்த்தரேவுக்கு வழங்கினார். துப்பாக்கியோடு 40 ஆண்களைக் குடியமர்த்திக் காக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த 40 நிலங்கள்தாம் தீவின் அரசமைப்பு. தீவின் தலைவர் செய்ன்யூர். அவர் மன்னருக்குச் செலுத்தும் ஆண்டு வாடகை இன்றும் 1.79 பவுண்டு. 'சீஃப் பிளீஸ்' என்ற சட்டமன்றத்தில் 40 நிலங்களின் உரிமையாளர்களும் பிறப்பாலோ கிரயத்தாலோ உறுப்பினர்களாக இருந்தார்கள். 1922-இல்தான் மக்கள் தேர்ந்தெடுக்கும் 12 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவைக்குத் தலைமை தாங்கியவர் செனஷல். தீவின் நீதிபதியும் அவரே. நாற்காலிக் கதையின் மூன்றாம் பதிப்பு இது.

நான் தங்கியிருக்கும் வீட்டிலிருந்து மேற்கே பார்த்தால், ஒரு குறுகிய நீர்ச்சந்துக்கு அப்பால் பிரெக்கூ என்ற குட்டித் தீவு. டேவிட், ஃபிரெடரிக் பார்க்லே என்ற இரட்டைக் கோடீஸ்வரர்கள் 1993-இல் அதை வாங்கினார்கள். சார்க்கின் பழைய சட்டங்களோடு அவர்கள் நடத்திய மோதலும், ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் அழுத்தமும் சேர்ந்து 2008 சீர்திருத்தச் சட்டத்துக்கு வழி விட்டன. நில உரிமையாளர்களின் இடங்கள் ஒழிந்தன. 28 பேரும் மக்களால் தேர்வு. 2008 டிசம்பர் 10 அன்று முதல் தேர்தல். 57 வேட்பாளர்கள், சுமார் அறுநூறு பேர் வாழும் தீவில் பத்தில் ஒருவர் போட்டியிட்டார் என்று கொள்ளலாம். பார்க்லே சகோதரர்கள் விரும்பியவர்களில் பெரும்பாலோர் தோற்றார்கள். மறுநாளே சகோதரர்களின் விடுதிகளும் கடைகளும் மூடப்பட்டன. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கையில் சுமார் நூறு பேருக்கு வேலை போயிற்று. பிறகு அவை திறக்கப்பட்டாலும், அந்த வாரத்தைப் பற்றிப் பேசும்போது இங்கே இன்றும் குரல் தாழ்கிறது.

ஒன்பதாம் நாள், வியாழன், சார்க்

காலையில் லா கூப்பே வரை நடந்தேன். பெரிய சார்க்கையும் சிறிய சார்க்கையும் இணைக்கும் முதுகெலும்பு போன்ற பாதை. இரு பக்கமும் கடலுக்குச் சரியும் பள்ளம். 1945-இல் ஜெர்மானியப் போர்க்கைதிகளைக் கொண்டு போட்ட கான்கிரீட் பாதைதான் இன்றும்.

நடக்கையில் மனதில் ஓடியது பார்க்லே வழக்கு. சார்க்கின் புதிய சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதல் பெறப் பரிந்துரைத்தது தவறு என்று சகோதரர்கள் லண்டனில் வழக்காடினார்கள். 2008 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், செனஷல் நீதிபதியாகவும் சட்டமன்றத் தலைவராகவும் இருப்பது நியாய விசாரணை உரிமைக்கு முரண் என்றது. தேர்தல் முறையைப் பற்றிய மீதி வாதங்களை உச்ச நீதிமன்றம் 2009 டிசம்பர் 1 அன்று தள்ளிவிட்டது. தீர்ப்புக்குப் பணிந்து சார்க் பதவியைப் பிரித்தது. செனஷல் நீதிபதி மட்டுமே, அவைக்குத் தனித் தலைவர். செனஷலின் சம்பளத்தையும் பதவி நீட்டிப்பையும் பற்றி இன்னொரு வழக்கு வந்தபோது, 2014-இல் உச்ச நீதிமன்றம், இதையெல்லாம் கேர்ன்சியின் நீதிமன்றங்களே பார்த்துக்கொள்ளட்டும், லண்டன் நீதிமன்றம் கையை வைத்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டது. தீர்ப்பை எழுதியவர் லேடி ஹேல்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு இப்படி நிற்கிறது. லட்சம் பேர் வாழும் ஜெர்சி, இரண்டு குழுக்களின் பரிந்துரைக்குப் பிறகும் பெய்லிஃபை இரண்டு நாற்காலிகளிலும் வைத்திருக்கிறது. கேர்ன்சி, தன் மீதே தீர்ப்பு வந்த பிறகும், நடைமுறையைத் திருத்திக்கொண்டு நாற்காலியைக் காப்பாற்றிவிட்டது. ஆள் பற்றாக்குறை என்ற சாக்குக்கு முழு உரிமை படைத்த சார்க் மட்டும் பிரித்துவிட்டது. ஜெர்சிக்கும் கேர்ன்சிக்கும் எதிரே, வழக்குச் செலவைப் பொருட்படுத்தாத இரட்டையர் யாரும் குடியிருக்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மதியம் குதிரை வண்டிக்காரர் ஒருவரோடு துறை நோக்கிய மேட்டு விளிம்பு வரை வந்தேன். வழியில் 1856-இல் கட்டிய சிறையைக் காட்டினார். பீப்பாய் போன்ற கூரை, இரண்டே அறைகள். அவருடைய பாட்டனார் 40 நிலங்களில் ஒன்றை வைத்திருந்தாராம். "தாத்தா அவைக்குப் போவார், பெரும்பாலும் தூங்குவார். இப்போது போக யாரும் தயாராக இல்லை" என்றார். உண்மைதான். 57 பேர் முந்திய அந்த முதல் தேர்தலுக்குப் பிறகு, நிற்பதற்கு ஆள் போதாமல் வாக்குப்பெட்டியே தேவைப்படாத தேர்தல்களும் வந்தன. 28 இடங்களை 18 ஆகக் குறைத்தார்கள். சம்பளம் இல்லை, வேலை அதிகம், முடிவெடுத்தால் பக்கத்து வீட்டுக்காரரோடு மனத்தாங்கல்.

நீங்கள் நிற்கலாமே என்று கேட்டேன். அவர் கடிவாளத்தைச் சற்று இழுத்துப் பிடித்து, எதிரே வந்த டிராக்டருக்கு வழி விட்டார்.

"நான் ஏற்கெனவே தீயணைப்பில் இருக்கிறேன், சார். இந்த வண்டியும் இருக்கிறது. போன வருஷம் கான்ஸ்டபிள் உதவியாளராகவும் கேட்டார்கள்."

படகு மூன்று மணிக்கு.